ரத்து செய்ய மூன்றை அழுத்தவும்

பிப்ரவரி 6

அக்கா,

தபாலில் கடிதம் என்றதும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆகப் போகிறது, அதுவும் உன் புண்ணியத்தில்.

தயவுசெய்து போனில் கூப்பிடாதே. மெசேஜும் அனுப்பாதே. வருகைப் பதிவுக்கு என்று சொல்லி எங்கள் எல்லோருடைய போனிலும் ஆபீஸ் ஆப் ஒன்றை ஏற்றிவிட்டார்கள். யாரிடம் பேசுகிறோம், என்ன எழுதுகிறோம் எல்லாம் அதற்குத் தெரியும் என்று கேன்டீனில் பேச்சு. நிஜமோ புரளியோ, சோதித்துப் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. காகிதத்தை மட்டும் இன்னும் எவனும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேனா பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் படம் பார்க்கிற சந்தாவின் விலையை எங்கள் கம்பெனி முதல் தடவை ஏற்றியபோது உனக்கு ஒரு ரகசியம் சொன்னேன். எங்கள் எண்ணைக் கூப்பிட்டு, ரத்து செய்ய மூன்றை அழுத்தினால் கால் எங்கள் பிரிவுக்கு வரும். போகிறவர்களைப் பிடித்து வைப்பதுதான் எங்கள் வேலை. நாங்கள் கெஞ்சுவோம். மூன்று தடவை வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால், கடைசியில் மூன்று மாதத்துக்குப் பாதி விலை தருகிறோம் என்போம். இதை உனக்கு மட்டும் சொன்னேன். நீ மாடிப்படி முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாய்.

போட்டதுகூடப் பரவாயில்லை. எதிர் வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் ஏன் சொன்னாய்? அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியாதா? எங்களுக்கு வருகிற கால் எல்லாம் பதிவாகும். அவருடையதை எங்கள் பிரிவு மேடம் நேற்றுக் காலையில் எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம்மா. எதிர் வீட்டுப் பொண்ணோட தம்பி உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்குறாராம். மூணு தரம் வேண்டாம்னு சொன்னா பாதி விலைக்குத் தருவீங்கன்னு சொல்லியிருக்காரு. அதனால இப்ப மூணு தரம் சொல்லப் போறேன். மனசுல வச்சுக்காதீங்க, நான் நிஜமா நிறுத்த மாட்டேன். ஒண்ணாவது தரம், வேண்டாம். ரெண்டாவது தரம், வேண்டாம்..."

தளமே சிரித்தது. பயத்தில் நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. "அந்தத் தம்பி யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு" என்றார்.

மார்ச் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். செல்போன் கடை, கூரியர் கிடங்கு, டிராவல்ஸ் என்று நான் போன இடமெல்லாம் ஒன்று மூடினார்கள் அல்லது என்னை அனுப்பினார்கள். முப்பத்துமூன்று வயதில் இதுதான் முதல் பர்மனன்ட். உன் காலில் விழுந்து கேட்கிறேன், உன் கட்டடத்து ஜனங்களை மார்ச் முடிகிற வரை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல். குறிப்பாக வாத்தியாரை.

சின்னவன்

---

பிப்ரவரி 11

டேய் சின்னவனே,

பதறாதே என்று எழுதினால் பதறாமல் இருந்துவிடுவேனா? கடிதத்தை வாசலிலேயே நின்று பிரித்தேன். படித்து முடித்ததும் கோபம் வந்தது, பிறகு வாத்தியார் பேசியதை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் உன் ஆபீஸுக்கே கிளம்பி வந்து மன்னிப்புக் கேட்பார், அது இன்னும் வம்பு.

உன்னை மாட்டிவிட்டதற்கு வருத்தம்தான். நிஜமாகவே வருத்தம். ஆனால் வாயை மூடிக்கொண்டிரு என்கிறாயே, அது மட்டும் என்னால் ஆகாது.

உனக்கே தெரியும், நான் லேபில் நாள் முழுக்க ஊர்க்காரர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். குத்துவதற்கு முன்னால் 'கொஞ்சம் வலிக்கும்' என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவேன். உன் கம்பெனி ஒரே வருடத்தில் மூன்று தடவை குத்திவிட்டது. ஒவ்வொரு தடவையும் 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்துகிறோம்' என்று மெயில் வேறு. காசு கட்டிப் பார்க்கிற படத்துக்கு நடுவில் விளம்பரம். விளம்பரம் வேண்டாமென்றால் அதற்குத் தனியாகக் காசு. உன் மாமா, நாள் முழுக்க வேன் ஓட்டிவிட்டு வந்து மேட்ச் பார்க்க உட்கார்ந்தால், மேட்சுக்கு வேறொரு சந்தாவாம். "இவனுங்க படம் காட்டுறானுங்களா, இல்ல நம்மள வச்சுப் படம் எடுக்குறானுங்களா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மா விஷயம்தான் தாங்கவில்லை. உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அம்மா வீட்டு டிவியிலும் என் கணக்குத்தானே ஓடியது? போன மாதம் திரையில் ஒரு கேள்வி வந்திருக்கிறது: 'நீங்கள் இந்த வீட்டில் வசிப்பவரா?' அம்மா 'இல்லை' என்று அழுத்தியிருக்கிறாள். கேட்டால், "கேட்டா உண்மையத்தான சொல்லணும்? நான் உன் வீட்லயா இருக்கேன், மூணு தெரு தள்ளியில்ல இருக்கேன்" என்கிறாள். அழுத்தியதும் எல்லாம் போய்விட்டது. அவள் பாதியில் நிறுத்தி வைத்த தொடர், அவள் பெயர் போட்ட அந்த மஞ்சள் கட்டம், எல்லாம்.

கம்பெனி செய்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் வெட்டிவிட்டேன் என்று நினைத்து என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஒரு நாள் மருந்து கொடுக்கப் போனபோது சொன்னாள்: "கல்யாணம் பண்ணிக் குடுத்தப்பகூட உன்ன நான் வேத்து வீடுன்னு நெனைக்கல. நீ ஒரு டிவிக்காக என்ன வேத்து வீடுன்னு எழுதிக் குடுத்துட்ட." வாசலில் நின்று அழுதேன்டா. யாரோ எங்கோ உட்கார்ந்து, யார் என் குடும்பம் யார் இல்லை என்று முடிவு செய்கிறான்.

அதனால் கேட்டுக்கொள். பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு வீடும் ஒன்றாக ரத்து செய்கிறோம். பாதி விலை, கால் விலை, ஒரு மண்ணும் வேண்டாம். மூன்றை அழுத்துவோம், வேண்டாம் என்போம், வைத்துவிடுவோம்.

அக்கா

---

பிப்ரவரி 16

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் கழிவறையில் வைத்துப் படித்தேன். அங்கேதான் கேமரா இல்லை.

அம்மா விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் என் செலவில் ஒன்று எடுத்துக் கொடுத்திருப்பேன். அதற்காக இருபத்திரண்டு வீட்டையும் சேர்த்துக்கொண்டு போர் தொடுக்க வேண்டுமா?

நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு கூடம். வரிசையாக மேசை. ஒவ்வொரு மேசை மேலும் ஒரு சின்ன விளக்கு. ரத்து என்று கால் வந்தால் சிவப்பு. ஆளைத் திருப்பிவிட்டால் பச்சை. மேடம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து சிவப்பை எண்ணிக்கொண்டிருப்பார். முதலில் ஏன் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். என்ன காரணம் சொன்னாலும் 'நீங்கள் சொல்வது புரிகிறது' என்று சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் என்னென்ன பார்த்தார்கள் என்பதைத் திரையில் பார்த்து ஞாபகப்படுத்த வேண்டும். கடைசியாக, 'குழந்தைகளிடம் கேட்டீர்களா?' அதோடு பெரும்பாலானவர்கள் மடிந்துவிடுவார்கள். தகப்பன் என்றால் நிச்சயம் மடிவான்.

அசிங்கமான வேலை என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனால் நான் இதில் கெட்டிக்காரன், அக்கா. இந்தத் தளத்திலேயே அதிகப் பச்சை எனக்குத்தான். எந்த வேலையிலும் நான் கெட்டிக்காரனாக இருந்ததில்லை. ஒரு நாள் மேடம் என் தோளைத் தட்டி, "உங்க குரல்ல ஒரு நம்பிக்கை இருக்குப்பா" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். நீ சிரி.

உன் வீரம் எல்லாம் எப்போதும் என் செலவில்தான் நடக்கும். நீ ஆறாவது, நான் மூன்றாவது படிக்கும்போது டிக்கெட்டுக்கு மேல் காசு கேட்டான் என்று பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டாய். இரண்டு பேரையும் நடுவழியில் இறக்கிவிட்டான். நீ தலையை நிமிர்த்திக்கொண்டு ராணி மாதிரி நடந்தாய். நான் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் அழுதுகொண்டே வந்தேன். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் செய்தது தப்புதான். ஆனால் கால் கொப்பளித்தது எனக்கு.

தள்ளிப் போடு. மார்ச் முடியட்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி கட்டடத்தையே ரத்து செய், நானே கைதட்டுகிறேன். இருபத்திரண்டு காலும் ஒரே நாளில், ஒரே முகவரியில் இருந்து வந்தால், யார் அந்தத் தம்பி என்று தேட வேண்டிய வேலையே அவர்களுக்கு இருக்காது. இதற்கு மேல் என்னால் கெஞ்ச முடியாது. கெஞ்சுவதற்குத்தான் எனக்குச் சம்பளம், உன்னிடம் ஓசியில் கெஞ்சுகிறேன்.

சின்னவன்

---

மார்ச் 2

சின்னவனே,

திட்டுவதாக இருந்தால் முதலிலேயே திட்டிக்கொள். நாங்கள் தள்ளிப் போடவில்லை.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே மாடிப்படியில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். வாத்தியார், "என் வாயாலதான் அந்தத் தம்பிக்கு இந்தக் கஷ்டம்" என்று கண் கலங்கிவிட்டார். தள்ளிப் போடலாம் என்று முதலில் சொன்னதும் அவர்தான். இரண்டாம் மாடித் தையல்கார அக்காவும் சரி என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். ஒப்புக்கொள்ளாதவள் நான் ஒருத்திதான். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஒரு மாதம் ஆறப் போட்டால் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். ஏப்ரலில் இன்னொரு விலையேற்றம் என்று மெயில் வந்துவிட்டது. அதற்குள் உன் கம்பெனி தலைக்கு ஒரு பாதி விலையைத் தூக்கிப் போடும், ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். உனக்கு அது தெரியும். நீதானே தூக்கிப் போடுகிறவன்? கோபம் ஆறும் முன்னால் செய்தால்தான் உண்டு. உன்னை நினைத்தேன். நினைத்துத்தான் செய்தேன். அதற்கு நீ என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள்.

எப்படி நடந்தது என்று கேள். ஆளாளுக்குப் படியில் உட்கார்ந்து போன் போட்டோம். தையல்கார அக்காவிடம் உங்கள் ஆள் ஒருத்தன் குழந்தைகளிடம் கேட்டீர்களா என்று ஆரம்பித்திருக்கிறான். இவள், "எம் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, நீங்க வேணா கேட்டுச் சொல்லுங்க, அவன் எனக்குப் போன் பண்ணியே ரொம்ப நாளாச்சு" என்றிருக்கிறாள். அவன் உடனே ரத்து செய்துவிட்டான். என் கால் உனக்கு வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். அப்போதுதான் மூச்சு வந்தது.

இருபத்திரண்டில் ஒன்று மட்டும் மிச்சம் வைத்தோம், அதுவும் வாத்தியார் பெயரில். ஒரு வீட்டில் இருப்பவர்கள் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள் இல்லையா? நாங்கள் சட்டத்தை அப்படியே மதிக்கிறோம். எல்லோரும் அந்த ஒரு வீட்டுக்கே போகிறோம். வாத்தியார் கூடம் பெரிது. ஆளுக்கு ஒரு நாற்காலி, தலையணை, கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நேற்றுச் சாயங்காலம் போனோம். என்ன படம் போடுவது என்று முடிவு செய்யவே ஒரு படம் ஓடுகிற நேரம் ஆகிவிட்டது. கடைசியில் வாத்தியார் கரும்பலகை எடுத்து ஓட்டு எடுத்தார். என் இரண்டு பெண்களும் ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவர்கள், மூன்றாம் மாடிப் பெண்களோடு சீட்டு விளையாடப் போய்ப் படத்தையே மறந்துவிட்டார்கள்.

அம்மாவைக் கூட்டிவந்தேன். திரையில் வந்த கேள்வியை வாத்தியார்தான் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த டம்ளரை வாங்கிக் குடித்தாள். அவள் கோபம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அப்புறம் முதல் வரிசையில் உட்கார்ந்து ரிமோட்டை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றாள். அவள் பாத்ரூம் போனபோது நாற்பது பேரும் காத்திருந்தோம்.

உன் பக்கம் என்ன ஆயிற்று? எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

---

மார்ச் 6

அக்காவுக்கு,

கண்டுபிடித்துவிட்டார்கள். வேலைக்குச் சேரும்போது, அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உன் பெயரையும் முகவரியையும் கொடுத்திருந்தேன். வேறு யாரைக் கொடுப்பேன்?

மேடம் கத்தவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருக்கிறவர்கள் அவரைப் போட்டு வறுக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "உன்ன அனுப்பச் சொல்லித்தான் உத்தரவு. நான்தான் ஒரு வழி கேட்டு வாங்கியிருக்கேன்."

வழி இதுதான். மார்ச் 14, காலை பதினோரு மணிக்கு நீ எங்கள் எண்ணைக் கூப்பிட்டுத் திரும்பச் சேர வேண்டும். கால் எனக்கு வரும்படி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள், இதோடு வைத்திருக்கிறேன். அதைப் பதிவு செய்து புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டுவார்களாம். கூட்டத்தைக் கூட்டியவளே திரும்பி வந்தாள், திருப்பியது அவள் தம்பி என்று. அப்படி நடந்தால் எனக்கு அன்றைக்கே பர்மனன்ட். இல்லாவிட்டால் அன்றைக்கே வெளியே.

கேட்கவே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று மட்டும் எழுது, காரணம் எழுதாதே. உன் காரணங்களைப் படித்தால் எனக்கு நியாயமாகத் தோன்றித் தொலைக்கிறது.

சின்னவன்

---

மார்ச் 10

கண்ணு,

செய்கிறேன்.

அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். 'உங்கள் சேவை இல்லாமல் எங்கள் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது. குழந்தைகள் தினமும் அழுகிறார்கள். அவசரப்பட்டு நான் செய்தது தவறு.' இதை எழுதினவன் எந்த வீட்டில் வளர்ந்தானோ. பரவாயில்லை. பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். உன் மாமா கேட்டுவிட்டு, "யார்கிட்ட மன்னிப்புக் கேக்குற? என்கிட்டயா? என்ன செஞ்ச?" என்று பயந்துவிட்டார். சொன்னேன். "பேசிடு. அவன் பாவம்" என்றார்.

கட்டடத்தில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு வீராப்புப் பேசி எல்லோரையும் இழுத்து விட்டவள் நானே முதலில் திரும்பிப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? தையல்கார அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாத்தியார்தான், "போம்மா. இது தோல்வி இல்ல" என்றார். அவருக்குப் பொய் வராது என்பார்கள், நேற்று வந்தது.

செருப்பு அறுந்ததை எழுதியிருந்தாயே. நான் திரும்பிப் பார்க்கவில்லை என்றாய். பார்க்கவில்லைதான். திரும்பினால் நானும் அழுதுவிடுவேன் என்று இருந்தது, அழுதால் உன்னை யார் வீடு கொண்டு சேர்ப்பது? இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்தக் கம்பெனிக்காகச் செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. இன்னமும் அவர்கள் செய்வது அநியாயம்தான், விலையை ஏற்றட்டும், வருகிற வருடம் மறுபடியும் மூன்றை அழுத்துவேன். என் மானம் என்னுடையது, அதை எதற்குச் செலவு செய்வது என்று நான்தான் முடிவு செய்வேன். உனக்காகச் செலவு செய்கிறேன், அவ்வளவுதான். பதினாலாம் தேதி பதினோரு மணிக்கு லேபில் அனுமதி வாங்கிக்கொண்டு சாமான் அறையில் இருந்து பேசுகிறேன். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த நம்பிக்கைக் குரலை எடுத்து வை.

அக்கா

---

மார்ச் 14, மாலை

அடேய்,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. மதியத்தில் இருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன். ஆப்பாவது மண்ணாவது, எவன் கேட்டாலும் கேட்கட்டும் என்று அடிக்கிறேன். நீ போனைத் திறக்கவே இல்லை.

என்னடா செய்துவிட்டாய்?

சாமான் அறையில் ஊசிப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து, காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, எழுதியிருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று சொன்னேன். குழந்தைகள் அழுகிறார்கள் என்று சொன்னேன். 'அவசரப்பட்டு நான் செய்தது...' என்று ஆரம்பித்தேன், நீ குறுக்கே வந்தாய்.

"ஒரு நிமிஷங்க. நீங்க செஞ்சதுல தப்பு எதுவும் இல்ல."

எழுதிக் கொடுத்ததில் இது இல்லையே என்று நான் காகிதத்தைப் புரட்டுகிறேன். தெரியாமல் மாற்றிச் சொல்கிறாய் என்று நினைத்து, "இல்லைங்க, நான் திரும்பச் சேரணும்" என்றேன்.

"உங்க கணக்கு ரத்தாயிடுச்சுங்க. ரத்தாவே இருக்கட்டும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"தம்பி" என்றேன். வாயில் வந்துவிட்டது. எல்லாம் பதிவாகிறது என்று தெரிந்தும் வந்துவிட்டது.

"அக்கா, போன வை" என்றாய்.

வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு பேருக்கு ரத்தம் எடுக்கப் போனேன், இரண்டு பேருக்கும் நரம்பு கிடைக்கவில்லை. என் கையில் இப்படி நடந்ததே இல்லை. உன் வேலைக்காக நான் இவ்வளவு தூரம் இறங்கி வந்தேன், நீ ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாய். எனக்கு உன் மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை. அது வெறும் கோபம்தானா என்றும் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா சொன்னான்?" என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் என்னை முதலில் இருந்து சொல்ல வைத்தாள்.

எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, அதை மட்டுமாவது எழுது.

அக்கா

---

மார்ச் 18

அக்கா,

சாப்பிட்டேன். அறையில்தான் இருக்கிறேன். அன்றைக்கு மத்தியானமே அந்த ஆப்பை அழித்துவிட்டேன், இனிமேல் தாராளமாகப் போனில் கூப்பிடலாம். ஆனாலும் எழுதுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், என்னால் முழுசாகச் சொல்லி முடிக்க முடியாது.

வேலை போய்விட்டது. மார்ச் மாதச் சம்பளம் வருமா என்று தெரியவில்லை. இந்த வாரம் கடைசியில் மூட்டை முடிச்சோடு கிளம்பி வருகிறேன். கொஞ்ச நாள் அம்மா வீட்டில். வேலை தேட வேண்டும், பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று உன்னிடம் நடிக்கப் போவதில்லை.

அதற்காக அழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே. ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். நானும் நாலு நாளாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேடம் இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீ பேச ஆரம்பித்தாய். அந்த மேசையில் உட்கார்ந்து எத்தனையோ பேர் தணிந்து பேசக் கேட்டிருக்கிறேன். அதட்டிக்கொண்டு ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறங்கி, கடைசியில் ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி, "சரிங்க, அப்ப இருக்கட்டுங்க" என்பார்கள். அந்த இறக்கத்துக்குத்தான் நான் இரண்டு வருடமாகச் சம்பளம் வாங்கினேன். அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், பச்சை வரப் போகிறது என்று.

உன் குரல் இறங்கிக் கேட்டதே இல்லை. அன்றைக்கு இறங்கியது. மேடம் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அக்கா. இதைப் போட்டுக் காட்டி இன்னும் நூறு பேருக்கு, மனுஷர்களை இப்படித்தான் இறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள். 'தவறு' என்ற வார்த்தையை மட்டும் நீ சொல்லிவிடக் கூடாது என்று இருந்தது. நல்லவேளை, நீ அங்கே வருவதற்குள் எனக்கு வாய் வந்துவிட்டது.

நீ வைத்ததும் மேடம் ஹெட்செட்டைக் கழற்றினார். "என்னப்பா பண்ணிட்ட?" என்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. மேலே சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். என்னை எழுந்திருக்கச் சொல்ல அவருக்கு மறந்துவிட்டது. அல்லது மனசு வரவில்லை.

லைன் திறந்தே இருந்தது. அடுத்த கால் வந்துவிட்டது.

ஒரு பெரியவர். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறார் என்பது கேட்டாலே தெரிந்தது. "என்னுடைய சந்தாவை நான் ரத்து செய்ய விரும்புகிறேன். இதற்கான காரணங்கள், ஒன்று..." என்று ஆரம்பித்தார்.

"காரணம் வேண்டாங்க. ரத்து பண்ணிட்டேன்" என்றேன்.

காகிதத்தை மடக்குகிற சத்தம் கேட்டது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"தம்பி, போன தடவை முக்கால் மணி நேரம் பேசுனாங்க. கடைசியில எனக்கே வெக்கமாப் போயி விட்டுட்டேன்."

"உங்க வீடு, உங்க காசுங்க. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

அதற்கப்புறம் ஒரு அம்மா. பிறகு, கையில் குழந்தை அழுகிற சத்தத்தோடு ஒருவர். அவர் பேச ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட்டேன், நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். ஒவ்வொருவர் குரலும் சண்டைக்குத் தயாராக வரும். முடிந்துவிட்டது என்றதும் அப்படியே லேசாகும். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி ஆசீர்வாதம் செய்தாள். நான் அந்த மேசையில் இவ்வளவு நன்றாக வேலை பார்த்ததே இல்லை, அக்கா. என் குரலில் நம்பிக்கை இருக்கிறது என்று மேடம் சொன்னது சரிதான்.

காவலாளி வந்து தோளைத் தொட்டபோதுதான் நிறுத்தினேன். அவரும் பாவம், "எழுந்திருங்க சார்" என்று கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். என் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தளத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்குக் காலை வரை நானும் அப்படித்தான்.

எனக்கு அடுத்த மேசையில் ஒரு பெண். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பயந்த சுபாவம், கால் எடுக்கும்போதெல்லாம் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே இருப்பாள். அவளும் குனிந்துதான் இருந்தாள். அவள் காதில் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவளைத் தாண்டிப் போகும்போது அவள் ஒரு கையால் மைக்கை வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டாள்.

"காரணம் வேண்டாங்க" என்றாள். "ரத்து பண்ணிட்டேன். அவ்வளவுதான்."

சின்னவன்